குத்தகைக்கு விடுவதா, மண்ணைக் காப்பதா?

தூத்துக்குடி மில்லர்புரத்தைப் போன்ற நகர்ப் பகுதிகளில் குடியிருக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கங்களில் இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் எனப் பூர்வீகக் கரிசல் புஞ்சை உண்டு. பிழைப்பு துறைமுகத்திலோ, உப்பளத்திலோ, கடையிலோ நடக்கும். பட்டா மட்டும் ஊரில் இருக்கும். ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் ஊரிலிருந்து ஒருவர் வந்து கேட்பார்:

"அண்ணாச்சி, காடு சும்மாதான கெடக்கு. இந்த வருசம் மக்காச்சோளம் போட எனக்கு விடுங்க. குத்தகைய முன்னாடியே தந்துருதேன்."

அதே சமயத்தில், மரக்கன்றுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, வரப்புப் போட மானியம் உண்டு, நிலத்தைத் திட்டத்தில் சேர்க்கலாம் என்ற தகவலும் வேளாண்மை அலுவலகத்திலிருந்து வருகிறது. கைக்கு உடனே வரும் பணம் ஒரு பக்கம். பத்து ஆண்டு கழித்துப் பலன் தரும் வேலை மறுபக்கம். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது சிறு விவசாயிக்கு எளிய கேள்வியன்று. அதற்கு விடை சொல்லுமுன் நிலத்தையும் கணக்கையும் சட்டத்தையும் ஒருசேரப் பார்க்க வேண்டும்.

கரிசலின் இயல்பு

தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 650 மில்லி மீட்டர்தான். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக் காற்றினால் சில நாட்களில் கொட்டித் தீர்த்து விடுகிறது. கரிசல் மண் காய்ந்தால் வெடிப்பு விடும். நனைந்தால் உப்பி வெடிப்புகளை மூடிக் கொள்ளும். மூடிய பின் பெய்யும் மழையை அது மெதுவாகத்தான் உறிஞ்சும். எஞ்சிய நீர் சரிவில் ஓடும்போது மேல் மண்ணையும் கரைத்துக் கொண்டு ஓடைக்குப் போய்ச் சேருகிறது.

ஒரு ஏக்கரில் 1 சென்டி மீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 40,000 லிட்டர். ஒரே நாளில் 5 சென்டி மீட்டர் பெய்து அதில் பாதி ஓடி விட்டால் ஏக்கருக்கு 1 லட்சம் லிட்டர் நீர் வீணாகிறது. மண் இழப்பையும் இப்படிக் கணக்கிடலாம். ஒரு ஏக்கரில் 1 மில்லி மீட்டர் கனத்துக்கு மேல் மண் போனால், போனது ஏறத்தாழ 5 டன். ஐந்து ஏக்கருக்கு 25 டன்னுக்கு மேல். ஒரு டிராக்டர் டிப்பருக்கு 3 டன் என்று வைத்துக் கொண்டால் எட்டு, ஒன்பது லோடு. குளத்து வண்டல் ஒரு லோடு கிடைக்காதா என்று அலைகிற அதே விவசாயியின் நிலத்திலிருந்து எட்டு லோடு மண், கண்ணுக்குத் தெரியாமல் மழையோடு போய் விடுகிறது. போவதும் தழைச்சத்தும் மணிச்சத்தும் மக்கும் நிறைந்த மேல் மண்ணேயாகும்.

ஓராண்டுக் குத்தகையில் நேருவது

குத்தகைக்கு எடுப்பவரைக் குறை கூறிப் பயனில்லை. அடுத்த ஆண்டு நிலம் தமக்குக் கிடைக்குமா என்று தெரியாதவர் உடைந்த வரப்பை ஏன் கட்டுவார்? எருவடிப்பதன் பலன் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு நிற்கும்; ஓராண்டுக்கு நிலம் எடுத்தவர் அதைச் செய்வாரா? டிராக்டர் வாடகை மணிக்கு இவ்வளவு என்று ஓடும்போது, நீளவாக்கில் ஓட்டினால் நேரம் மிச்சம் என்று சரிவோடு சரிவாகவே உழவு நடக்கும். உழவுச் சால்கள் ஒவ்வொன்றும் மழைநீருக்கு வாய்க்காலாகி விடும். ஆண்டுதோறும் மக்காச்சோளமே போட்டால் உளுந்து, பாசி போன்ற பயறு வகைகள் மண்ணுக்குத் தரும் தழைச்சத்தும் கிடைக்காது. இவற்றுக்கெல்லாம் மூல காரணம் வாய்மொழியாகப் பேசி முடிக்கும் ஓராண்டுக் குத்தகை முறையாகும்.

யாருக்கும் விடாமல் தரிசாகப் போடுவதும் மண்ணைக் காப்பதாகாது. இரண்டு பருவம் உழவில்லாமல் கிடந்தால் சீமைக் கருவேல் புகுந்து விடும். வேர் இறங்கிய பிறகு அதைத் தோண்டி எடுக்க ஆகும் செலவு சில ஆண்டுக் குத்தகைப் பணத்தை விழுங்கி விடும்.

அமெரிக்க முறையும் நம் நாட்டு முறையும்

நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்கி வைப்பதற்கே உழவருக்கு வாடகை தரும் முறை அமெரிக்காவில் இருக்கிறது. 1930களில் அந்நாட்டின் சமவெளிகளில் புல் தரைகளை உழுது கோதுமை பயிரிட்ட பிறகு கடும் வறட்சி வந்தது. மேல் மண் புழுதிப் புயலாகப் பறந்தது. அந்த அனுபவத்துக்குப் பின் எத்தனையோ திட்டங்கள் வந்தன. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எளிதில் அரிக்கப்படும் நிலத்தில் புல்லோ மரமோ வளர்க்க உழவர் ஒப்புக் கொண்டால் 10 முதல் 15 ஆண்டுகளுக்கு அரசே ஆண்டு வாடகை தருகிறது. அங்கே குத்தகைதாரர் இடத்தில் அரசு இருக்கிறது என்று சொல்லலாம்.

நம் நாட்டுத் திட்டங்கள் இந்த வகையைச் சேர்ந்தவையல்ல. இவை வாடகை தருவதில்லை. கன்று கொடுக்கும், வரப்புக்கும் பண்ணைக் குட்டைக்கும் மானியம் கொடுக்கும், சில இடங்களில் வேலையையே செய்து கொடுக்கும். தமிழ்நாட்டில் 2016-17ல் தொடங்கிய மானாவாரி வேளாண்மை இயக்கத்தில் 1,000 எக்டர் கொண்ட தொகுப்புகள் அமைக்கப்பட்டு, கோடை உழவுக்கும் நீர் சேமிப்புக்கும் உதவி அளிக்கப்பட்டது. 2021-22ல் ஐந்தாண்டுத் திட்டமாக அறிவிக்கப்பட்ட கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில், அடுத்தடுத்துள்ள தரிசு நிலங்களை ஒரே தொகுப்பாக்கிச் சாகுபடிக்குக் கொண்டு வர வழி செய்யப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் வரப்பு ஓரத்தில் நடக் கன்றுகளும், வயலுக்குள் நட ஏக்கருக்கு 160 கன்றுகளும் இலவசமாக வழங்கப்பட்டன. உயிரோடு இருக்கும் கன்றுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை ஆண்டுக்கு 7 ரூபாய் வீதம் ஊக்கத் தொகையும் அறிவிக்கப்பட்டது.

திட்டங்களின் பெயரும் தொகையும் ஆண்டுக்கு ஆண்டு மாறக் கூடியவை. ஆகவே அந்தந்த ஆண்டு நடைமுறையை வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டறிந்த பின்பே முடிவு செய்ய வேண்டும்.

ஐந்து ஏக்கர் கணக்கு

ஐந்து ஏக்கர் மானாவாரிக் கரிசல் உள்ள ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக் கொள்ளலாம். கணக்குக்காக ஆண்டுக் குத்தகை ஏக்கருக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக் கொள்ளலாம். ஊருக்கு ஊர் இது மாறுபடும். அவரவர் ஊர்த் தொகையைப் போட்டுப் பார்த்துக் கொள்ள வேண்டும்.

முதல் வழி, ஐந்து ஏக்கரையும் குத்தகைக்கு விடுவது. ஆண்டுக்கு 20,000 ரூபாய். ஐந்தாண்டில் 1,00,000 ரூபாய்.

இரண்டாவது வழி, ஐந்து ஏக்கரிலும் மரம் நடுவது. மேலே கூறிய அளவுப்படி 800 கன்றுகள். நூற்றுக்கு 80 பிழைத்தால் 640. ஆண்டுக்கு 4,480 ரூபாய்; மூன்றாண்டில் 13,440 ரூபாய். குழி, எரு, கோடைத் தண்ணீர், வேலி இவற்றின் செலவு தனி. முதல் ஐந்தாண்டில் இந்த வழியில் கையிலிருந்துதான் பணம் போகும்.

மூன்றாவது வழி, நிலத்தைப் பிரிப்பது. மேட்டுப் பாங்கான, மண் கண்டம் குறைந்த ஒன்றரை ஏக்கரில் மட்டும் மரமும் புல்லும். மீதி மூன்றரை ஏக்கர் நிபந்தனையோடு குத்தகைக்கு. நிபந்தனை இருப்பதால் குத்தகையை 3,500 ரூபாயாகக் குறைத்தாலும் ஆண்டுக்கு 12,250. ஐந்தாண்டில் 61,250 ரூபாய். 240 கன்றுகளில் 192 பிழைத்தால் ஊக்கத் தொகை 4,032 ரூபாய். ஆக மொத்தம் 65,282 ரூபாய்.

முதல் வழிக்கும் மூன்றாவது வழிக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 ரூபாய். குழிக்கும் எருவுக்கும் ஆகும் செலவைச் சேர்த்தால் முதல் இரண்டு ஆண்டுகளில் இது இன்னும் கூடும். இதை மறைப்பதற்கில்லை. மண்ணைக் காக்க அந்தக் குடும்பம் கொடுக்கும் விலை இது. பதிலுக்குக் கிடைப்பது அடுத்த தலைமுறைக்கும் விளையக் கூடிய நிலம். பிள்ளைகளின் படிப்புக் கட்டணமோ மருந்துச் செலவோ அந்தக் குத்தகைப் பணத்தையே நம்பியிருந்தால் ஐந்து ஏக்கரையும் குத்தகைக்கு விடுவதில் தவறில்லை. அப்போதும் பின்னே கூறப்படும் நிபந்தனைகளோடு விட வேண்டும்.

எந்தப் பகுதியை ஒதுக்குவது?

இதற்கு நிலத்தையே கேட்கலாம். ஐப்பசி மழைக்குப் பின் நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்த்தால் நான்கு அறிகுறிகள் தென்படும். கரிய நிறம் வெளுத்துக் காணப்படும் இடம்; சுக்கான் கல் மேலே தலைகாட்டும் இடம்; பயிர் எப்போதும் குட்டையாக நிற்கும் இடம்; நீர் விழுந்து சிறு ஓடை அறுத்த இடம். அங்கெல்லாம் கடப்பாரையால் தோண்டிப் பார்க்க வேண்டும். ஒன்றரை அடிக்குள் சுக்கானோ பாறையோ தட்டினால் அந்தப் பகுதி ஆண்டுப் பயிருக்கு ஏற்றதன்று. அதில் போடும் விதையும் உரமும் மழை தவறும் ஆண்டில் முழு நட்டம். அந்த இடத்தை மரத்துக்கும் புல்லுக்கும் விடுவதால் உண்மையில் இழப்பது சொற்பமே.

அத்தகைய இடத்தில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளி விட்டு ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழிகளைக் கோடையிலேயே எடுத்து ஆற விட வேண்டும். மேல் மண்ணோடு தொழு எருவைக் கலந்து நிரப்பி, முதல் நல்ல மழைக்குப் பின் நட வேண்டும். ஒவ்வொரு கன்றுக்கும் சரிவின் கீழ்ப் பக்கத்தில் பிறை வடிவில் சிறு வரப்பு எடுத்தால் ஓடும் நீர் அங்கேயே நிற்கும். வேம்பு, புங்கம் இரண்டும் கரிசலைத் தாங்கும். பழ மரம் வேண்டுவோர் சற்று ஆழமான மண்ணில் நெல்லி, இலந்தை, கொடுக்காப்புளி நடலாம். இடைவெளியில் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் விதைத்தால் தீவனமும் ஆகும், மண்ணையும் பிடித்துக் கொள்ளும். முதல் இரண்டு ஆண்டுகள் ஆடு, மாடுகளை உள்ளே விடாமல் புல்லை அறுத்துத்தான் போட வேண்டும். நட்ட மரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பதிந்து கொள்வது பின்னாளில் வெட்டி விற்கும்போது உதவும்.

காவலுக்கு ஆள் யார்?

நகரில் குடியிருப்பவருக்கு இதுதான் பெரிய இடைஞ்சல். அறுவடை முடிந்த காடுகளில் ஆடுகளை மேய விடுவது ஊர் வழக்கம். மில்லர்புரத்தில் இருந்து கொண்டு ஓட்டப்பிடாரத்துக் கன்றைக் காக்க முடியாது. கன்று வாங்கி நட்டவர்கள் அடுத்த கோடையில் வெறும் குழிகளைப் பார்த்து மனம் நொந்ததற்குக் காரணம் பெரும்பாலும் காவல் இன்மைதான்.

இதற்கும் வழி மூன்றாவது முறையிலேயே இருக்கிறது. கீழேயுள்ள மூன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தவருக்கே மேட்டுப் பகுதியின் புல்லை அறுத்துக் கொள்ளும் உரிமையைக் கொடுத்து விடலாம். அவருடைய மாட்டுக்குத் தீவனம் அங்கே இருப்பதால் மற்றவர் ஆடு உள்ளே நுழையாமல் அவரே பார்த்துக் கொள்வார். மேட்டில் வேகம் தணிந்து இறங்கும் மழைநீரால் அவருடைய பயிருக்கும் ஈரம் கூடுதல் நாள் நிற்கும். குத்தகையும் மண் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் இங்கே மாறி விடுகிறது. குத்தகைதாரரே காவலர் ஆகிறார்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

குத்தகைக் காலம் மூன்றாண்டுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அப்போதுதான் எடுத்தவர் எருவும் வரப்பும் போடுவார். சரிவுக்குக் குறுக்கேதான் உழ வேண்டும். புரட்டாசி விதைப்புக்கு முன் உடைந்த வரப்புகளைச் செப்பனிட வேண்டும். அதற்கான கூலியைக் குத்தகையில் கழித்துக் கொள்ளலாம். மூன்றாண்டில் ஒரு முறையாவது உளுந்து, பாசி போன்ற பயறு போட வேண்டும், அல்லது ஊடுபயிராகவாவது சேர்க்க வேண்டும். தட்டையை எரிக்காமல் மடக்கி உழவோ, கிடை போடவோ வேண்டும். மண் அள்ளுதல், கரிமூட்டம் போடுதல், கேட்காமல் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுதல் கூடாது. பருவம் பொய்த்த ஆண்டில் எவ்வளவு குத்தகை தள்ளுபடி என்பதையும் முன்னரே எழுதி விட வேண்டும். பயிர்க் காப்பீட்டுத் தொகையும் வறட்சி நிவாரணமும் செலவு செய்து சாகுபடி செய்தவருக்கே சேர வேண்டும் என்பதையும் எழுதினால் பிற்பாடு மனக் கசப்பு வராது.

சட்டத்தைக் கண்டு அஞ்சலாமா?

எழுத்தில் கொடுத்தால் நிலம் போய் விடும் என்ற அச்சம் நில உரிமையாளர்களிடம் பரவலாக உள்ளது. 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தம் உடல் உழைப்பாலோ குடும்பத்தார் உழைப்பாலோ சாகுபடி செய்யும் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று கூறுகிறது. ஆனால் வாய்மொழிக் குத்தகைக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. எழுதாமல் விடுவதால் உரிமையாளருக்குப் பாதுகாப்புக் கூடுவதில்லை. நிபந்தனைகளுக்குச் சாட்சி இல்லாமல் போவதே மிச்சம். மூன்றாண்டு முடிந்ததும் நிலம் தானாகத் திரும்பி விடும் என்றும் எண்ணி விடக் கூடாது. ஆகவே, ஆளை அறிந்து விட வேண்டும்.

அதே சட்டம் உரிமையாளரையும் கைவிடவில்லை. குத்தகை செலுத்தாமை, நிலத்துக்குக் கேடு விளைவிக்கும் செயல் அல்லது அலட்சியம், சாகுபடியை அறவே கைவிடுதல், வேளாண்மையல்லாத காரியத்துக்கு நிலத்தைப் பயன்படுத்துதல், உரிமையாளரின் உரிமையை வேண்டுமென்றே மறுத்தல் ஆகியவை குத்தகைதாரரை வெளியேற்றக் கோருவதற்கான காரணங்களாகும். மண்ணைக் கெடுப்பது சட்டத்தின் கண்ணிலும் குற்றமே. வரப்பைப் பற்றியும் உழவைப் பற்றியும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கேடு எது என்பதை எளிதில் நிறுவலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. எழுதுமுன் சார் பதிவாளர் அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் விவரம் கேட்டுக் கொள்வது நலம்.

உப்பளத்துக்கும் சூரிய ஒளி மின்சாரத்துக்கும்

கடலை ஒட்டிய நிலங்களை உப்பளத்துக்கும், உள்நாட்டுக் கரிசலைச் சூரிய ஒளி மின் நிலையங்களுக்கும் கேட்டு வருவோர் உண்டு. பயிர்க் குத்தகையை விட அதிகமான தொகை பேசப்படும். உவர் ஏறிய மண்ணைத் திரும்பப் பயிருக்குக் கொண்டு வருவது மிகக் கடினம். மின் நிலையக் குத்தகை இருபது, முப்பது ஆண்டுகள் நீடிக்கக் கூடியது. கையெழுத்திடுபவர் பிள்ளைகளின் காலத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறார். குத்தகை ஆண்டுதோறும் உயருமா, முடிவில் காங்கிரீட்டையும் கம்பியையும் அகற்றுவது யார், ஓடை மறிக்கப்பட்டால் பக்கத்துக் காட்டுக்காரருக்குப் பதில் சொல்வது யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை இல்லாமல் கையெழுத்திடக் கூடாது.

முத்துக் குளிப்பின் பாடம்

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் நினைத்த போதெல்லாம் குளித்ததில்லை. முதலில் பார்களைச் சோதித்தார்கள். சிப்பி முற்றியிருந்தால்தான் அந்த ஆண்டு குளிப்பு அறிவிக்கப்பட்டது. குளிப்பே இல்லாமல் தொடர்ந்து பல ஆண்டுகள் கழிந்ததுண்டு. 1961ல் தூத்துக்குடியில் நடந்ததே கடைசிப் பெரிய முத்துக் குளிப்பாகும். எடுக்குமுன் இருப்பைப் பார்க்க வேண்டும் என்பது இந்தக் கரையில் பழகிய வழக்கம். அதையே கரிசல் காட்டிலும் கைக்கொள்ளலாம்.

எனவே, இந்த ஆவணியில் குத்தகை கேட்டு வருபவருக்கு விடை சொல்லுமுன், விவசாய அன்பர்கள் ஒரு நாள் ஊருக்குச் சென்று கடப்பாரையோடு நிலத்தை நடந்து பார்ப்பார்களாக. கேட்டு வந்தவரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது. மேட்டுச் சுக்கான் எது, பள்ளத்துக் கரிசல் எது என்று இருவரும் கண்டு கொண்ட பிறகு பேசும் குத்தகை, பணத்தோடு மண்ணையும் மிச்சம் வைக்கும். கோவில்பட்டியில் 1901 முதல் இயங்கி வரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலும், கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலும் மானாவாரி நிலத்துக்கேற்ற பயிர், மரம், வரப்பு முறைகள் பற்றி ஆலோசனை பெறலாம்.